நடக்காத கோல்களின் கணக்கு

சாட்ஸ்வொர்த்தில் ஜூலைக் குளிர்.
தயாளன் டயர்க் கடையின் மாடியில்
ஆறு மணிக்கே கரண்ட் போய்விட்டது.
கேஸ் விளக்கைச் சுற்றி ஐந்து பேர்.
நடுவில் என் கணக்குப் புத்தகம்,
குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி,
யாரும் முதலில் கை வைக்காமல் ஆறிக்கொண்டிருந்தது.

நாளை நள்ளிரவோடு வீரர் பதிவு முடிகிறது.

வலது ஓரத் தடுப்புக்கு லுவாண்டிலே.
மாதம் பதினெட்டாயிரம் ராண்ட் கேட்கிறான்;
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருபது தருகிறார்களாம்.
இடது ஓரத்தில் குபென்.
ஒன்பதாயிரம். வயது முப்பத்து மூன்று.
மழைக்கு முந்தின நாளே
அறிவித்துவிடும் ஒரு முழங்கால்.
என்னிடம் இருப்பது இருபத்திரண்டு.

"கோலே போடாத பையனுக்குப் பதினெட்டா?"
என்றார் தலைவர் தயாளன்.
வாழ்நாள் முழுக்க
வெடிக்காத டயரை விற்றுச் சாப்பிட்டவர்
கேட்கிற கேள்வியா இது?
வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

என் புத்தகத்தில் இரண்டே பக்கம்:
வந்தது, போனது.
வராமல் தடுத்ததை எழுத
அச்சடித்தவன் கட்டம் போடவில்லை.

வெருலம் ஆட்டம், எண்பத்து மூன்றாவது நிமிடம்.
அவர்களுடைய விங்கர் தனியாகப் பிய்த்துக்கொண்டு வந்தான்.
லுவாண்டிலே பந்தைத் தொடவே இல்லை.
கூடவே ஓடினான், அவ்வளவுதான்,
கல்யாண வீட்டில் கடன்காரரை
வாசல் பக்கமாகப் பேசிக்கொண்டே நடத்திப் போவதுபோல.
கொடிக்கம்பம் வரை போனவன்
திரும்பிப் பார்த்துப் பின்னால் தட்டிவிட்டான்.
கைதட்டு இல்லை.
என் பக்கத்து ஆள் கடலை உடைப்பதைக்கூட நிறுத்தவில்லை.
எதற்கு ரசீது வெட்டுவது?

பஸ்ஸுக்கு கியர்பாக்ஸ் போக வேண்டும்.
சின்னப் பையன்களில் பாதிப் பேர்
அண்ணன் பூட்ஸில் பஞ்சடைத்து ஓடுகிறார்கள்.
இதையும் சொன்னேன். தலையாட்டினார்கள்.

கோச் பிரகாசன் மேசையையே மைதானமாக்கினார்.
உப்புச் சிமிழ் லுவாண்டிலே,
சாஸ் பாட்டில் குபென்,
ரொட்டிதான் கோல்.
பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்தார்:
"இந்த இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் போடலாம்."
தயாளன் யோசனையாகக் கோலில் ஒரு துண்டு பிய்த்துத் தின்றார்.

மூன்றுக்கு இரண்டு.
உயர்ந்த மூன்று கைகளில் ஒன்று என்னுடையது.

கீழே டயர் அடுக்கில் உட்கார்ந்திருந்த லுவாண்டிலேவைக்
கூப்பிட்டோம்.
விளக்கருகே பிடித்து
ஒவ்வொரு வரியாகப் படித்தான்.
பேனாவை வாங்கினான், மூடியைத் திறக்கவில்லை.

"பணம் சரி, ஆன்ட்டி.
பயிற்சி முடிய எட்டாகிறது.
குவாமாஷுவுக்குக் கடைசி டாக்சி ஏழரைக்கு.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தங்க அறை தருகிறார்கள்.
இங்கே நான் வீட்டுக்கு எப்படிப் போவது?"

"போன சீசன் முழுக்க எப்படிப் போனாய்?"

"குபென் அண்ணா கொண்டுபோய் விடுவார்.
திங்கள், புதன், வியாழன்.
போகிற வழியெல்லாம்
யார் எந்தக் காலில் திரும்புவான் என்று
சொல்லிக்கொண்டே ஓட்டுவார்."

கேஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்தது.
பத்து மாத வரவுசெலவு என் விரலடியில்.
ஒரு பக்கத்திலும் பெட்ரோல் என்ற சொல் இல்லை.
அவர் கேட்டதில்லை.
நான் எழுதியதும் இல்லை.

மறுபடி வாக்கெடுக்கலாமா என்று
யாரும் வாய் திறக்கவில்லை.
தயாளன்தான், அந்தப் பெரிய வயிற்றோடு குனிந்து,
தரையிலிருந்த சாஸ் பாட்டிலை எடுத்து,
அடியை வேட்டியில் இல்லை, கம்பெனிச் சட்டையில் துடைத்து,
ரொட்டிக்கு இடப்பக்கம் வைத்தார்.

பிறகு ஐந்தாயிரம் குறைகிறதே என்று
எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.